குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் அரங்கும் நம் தோட்டப் பள்ளிகளும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் நாடக ஆய்வில் சிறுவர் அரங்கு இன்றளவும் ஓரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. தமிழ் நாடக வரலாறு கூறும் நூல்கள் பலவற்றிலும் சிறுவருக்கான நாடகங்கள் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. இத்தனைக்கும் தமிழ்த் தொழில்முறை நாடகத்தைத் தாங்கி நின்றவர்களுள் சிறுவர் பெரும்பங்கினர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சிறுவரைக் கொண்டே இயங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் சிறுவர்களாகச் சேர்ந்தே நாடகம் பயின்றனர். எனினும் அச்சிறுவர் பேசியவை பெரியவர்களின் சொற்கள். பாடியவை பெரியவர்களின் காதலும் துயரமும். சிறுவர் நடித்த நாடகம் வேறு, சிறுவர் அரங்கு வேறு என்பதை இவ்விடத்தில் நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இந்த வேறுபாட்டை உணர்ந்து, சிறுவர் அரங்கையும் நாடகக் கல்வியையும் தம் வாழ்நாட் பணியின் நடுவே வைத்தவர் யாழ்ப்பாணத்துக் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025). அவரது பணியை மதிப்பிடுவதும், அது நெகிரி செம்பிலான் மாநிலத்து லுக்குட் போன்ற தோட்டப்புற வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வகையில் பயன்படும், எவ்வகையில் பயன்படாது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆசிரியரும் அரங்கரும்

சண்முகலிங்கம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பிறந்தவர். தொழிலால் ஆசிரியர். கலையரசு க. சொர்ணலிங்கம் போன்ற மூத்த தலைமுறையினரின் நாடகச் சூழலில் நடிகராக வளர்ந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் குறித்த கல்வி டிப்ளோமா பயிற்சியை 1970களின் நடுப்பகுதியில் பெற்ற பின்னரே அவரது பணி புதிய திசையில் திரும்பிற்று. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி உருவானது. பெயரளவில் கல்லூரியாயினும் அது நடிகரும் ஆசிரியரும் மாணவரும் கூடிப் பயின்ற களம் என்பதே பொருத்தம்.

அவரது காலத்தில் இலங்கைத் தமிழ் அரங்கு வளமான சூழலைப் பெற்றிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய கூத்துகளை மேடையேற்றி மரபுக் கூத்தைப் பல்கலைக்கழக மதிப்பிற்கு உயர்த்தியிருந்தார். அக்களத்தில் ஆடி வளர்ந்த சி. மௌனகுரு பின்னாளில் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களைப் படைத்தார். கா. சிவத்தம்பி நாடகத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார். ஆடலும் பாடலும் கூத்தின் தாளமும் சிறுவர் நாடகத்தினுள் இயல்பாகப் புகுந்தமைக்கு இச்சூழலே காரணம் எனலாம்.

சண்முகலிங்கத்தின் பெயர் பரவலாக அறியப்பட்டது ‘மண் சுமந்த மேனியர்’ (1985) வாயிலாகவே. க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆற்றுகை செய்த அந்நாடகம் ஊர் ஊராகச் சென்றது. போர் மனங்களில் விட்ட வடுவைப் பேசிய ‘அன்னை இட்ட தீ’, பிள்ளைகள் புலம்பெயர்ந்தபின் தனித்து விடப்பட்ட முதியோரைப் பேசிய ‘எந்தையும் தாயும்’ ஆகியனவும் விமரிசகரால் பெரிதும் எடுத்துரைக்கப்பட்டவை. இவற்றின் நிழலில் ‘கூடி விளையாடு பாப்பா’ முதலிய சிறுவர் நாடகங்கள் மறைந்துபோயின. அவை பெரிய நாடகங்களுக்கு முந்திய பயிற்சி முயற்சிகள் போலக் கருதப்பட்டன. நம் கருத்து இதற்கு மாறானது. பெரிய நாடகங்களின் அரங்க மொழியே சிறுவர் அரங்கிலும் களப்பயிற்சியிலும் உருப்பெற்ற ஒன்றாகும். குழுவாக இயங்கும் எடுத்துரைஞர், காட்சிப்பொருள் மிகக் குறைந்த மேடை, உடலே மரமாகவும் சுவராகவும் மாறும் உத்தி, உரையாடலிலிருந்து பாட்டுக்கு நழுவும் நடை ஆகியன விளையாட்டின் இயல்புகள். சிறுவர் விளையாடும்போது இவற்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தலைப்புகள் உணர்த்துவது

அவரது நாடகத் தலைப்புகளை ஒருசேர நோக்கும்போது ஒரு பண்பு புலனாகிறது. ‘கூடி விளையாடு பாப்பா’, ‘எந்தையும் தாயும்’ ஆகிய இரண்டும் பாரதியின் பாடல்களிலிருந்து வந்தவை. ‘அன்னை இட்ட தீ’ பட்டினத்தாரை நினைவூட்டுவது. ‘மண் சுமந்த மேனியர்’ வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை எதிரொலிப்பது. பார்ப்போரின் காதில் முன்னரே இருக்கும் சொல்லை எடுத்து, அதன் பொருளை இன்றைய வாழ்வின்மேல் வைத்துப் பார்க்கச் செய்வதே அவரது முறை. மண் சுமக்கும் இறைவனின் இடத்தில் மண்ணோடு போராடும் உழவர் வந்து நிற்கும்போது பழைய கதை புதிய வினாவாகிறது.

இது கல்வியியல் நோக்கிலும் முதன்மை வாய்ந்தது. மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது வகுப்பறையின் பழைய விதி. சண்முகலிங்கம் அதனை நாடகத்தின் கட்டமைப்பு விதியாகவே ஆக்கினார். நாடகாசிரியருள் ஆசிரியர் மறையாமல் இருந்தமையின் பயன் இது.

விளைவும் செயல்முறையும்

மேலைநாடுகளில் இவ்வகைச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. பீட்டர் சிலேடு 1954இல் வெளியிட்ட ‘சைல்ட் டிராமா’ என்னும் நூல் குழந்தையின் விளையாட்டையே ஒரு கலைவடிவமாகக் கொண்டது. பிரையன் வே 1967இல் எழுதிய ‘டெவலப்மென்ட் துரூ டிராமா’ நாடகம் போடுவதைக் காட்டிலும் நாடகத்தின் வழியே வளர்வதை முதன்மைப்படுத்தியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரப் பெல்கிரேடு அரங்கில் 1965இல் தொடங்கிய முயற்சி, நடிகர்களைப் பள்ளிக்கு அனுப்பி மாணவரோடு சேர்ந்து நாடகம் நிகழ்த்தும் கல்வி அரங்கிற்கு வழிவகுத்தது. டொரத்தி ஹீத்கோட் ஆசிரியரே ஒரு பாத்திரமாக மாறி மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் முறையை வளர்த்தார். இவர்கள் அனைவரும் மேடையேறும் விளைவைவிட மேடைக்கு முந்திய செயல்முறையே கல்வி என்று கருதினர்.

தமிழகத்தில் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சே. இராமானுஜம் (1935–2016) சிறுவர் நாடகத்தில் ஈடுபாடு காட்டினார். புதுச்சேரியை மையமாகக் கொண்ட வேலு சரவணன் ‘கடல் பூதம்’ முதலிய நாடகங்களைச் சிறுவர் முன் நிகழ்த்தி அவர்களையும் நாடகத்தினுள் இழுத்துக்கொண்டார். நம் நாட்டில் பினாங்கை மையமாகக் கொண்டு ஜேனட் பிள்ளை இளையோர் அரங்கை வளர்த்ததோடு, ஆர்ட்ஸ்-எட் அமைப்பின் வழியாகச் சிறுவரைத் தாம் வாழும் தெருவின் வரலாற்றைத் தாமே தேடி அறியச் செய்தார். அவரது பணி தமிழ்ப்பள்ளியை மையமாகக் கொண்டதன்று. எனினும் தமிழாசிரியர் கற்க வேண்டியவை அதில் பலவுண்டு.

இவ்வரிசையில் சண்முகலிங்கத்தின் தனித்தன்மை யாது? மேலைநாட்டார் அமைதியான நாடுகளின் பள்ளிகளில் இதனைச் செய்தனர். அவரோ போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த மண்ணில், பேசுவதே ஆபத்தாக இருந்த காலத்தில் செய்தார். சிறுவர் கூடி விளையாடுதல் என்பது அங்கே இனிய பொழுதுபோக்கு மட்டுமன்று. அச்சத்தால் இறுகிப்போன உடல் தளர்வதற்கான வழியும் அதுவே. விளையாட்டு, களப்பயிற்சி, நாடகம் என்ற மூன்றும் ஒரே தொடராக அமைந்தமைக்கு இத்தேவையே அடிப்படை.

தேர்வுப் பாடமான அரங்கு

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டை நாம் மறைத்தல் கூடாது. இலங்கைப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ பொதுத் தேர்வுக்குரிய பாடமாக நிலைபெற்றது. அதனைக் கற்பித்ததிலும் அதற்குரிய ஆசிரியரை உருவாக்கியதிலும் சண்முகலிங்கத்திற்கும் அவர் வழிவந்தோருக்கும் பெரும்பங்கு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அவர் இத்துறையைக் கற்பித்தார். நாடகம் படித்தவர் ஆசிரியராகவும் விரிவுரையாளராகவும் தொழில் பெற முடிந்தது. ஆற்றுகை, எழுத்துரு, நெறியாள்கை, களப்பயிற்சி போன்ற சொற்கள் வகுப்பறை வழக்காகப் பரவின. தமிழ்கூறும் நல்லுலகில் வேறெங்கும் பள்ளி அளவில் நாடகத்திற்கு இத்தகைய நிறுவன வலிமை கிடைத்ததாகக் கூறுவதற்கில்லை.

ஆயினும் தேர்வு எதைத் தொட்டாலும் அதனைத் தன் வடிவிற்கு மாற்றிவிடும். கிரேக்க அரங்கின் பகுதிகளை மனனம் செய்து எழுதும் மாணவன் ஒரு முறையேனும் வட்டமாக நின்று விளையாடினானா என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. எழுத்துருவை அச்சில் படித்துப் பாத்திரப் பண்பை எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. செயல்முறையை முதன்மையாகக் கொண்ட ஓர் அரங்கு, நிலைபெறும் பொருட்டு விளைவை முதன்மையாகக் கொண்ட தேர்வு முறையோடு உடன்பாடு செய்துகொண்டது. இவ்வுடன்பாடு இல்லையேல் அப்பணி ஒரு தலைமுறையோடு நின்றிருக்கக்கூடும்; அதனால் பணியின் உயிர் ஓரளவு தேய்ந்ததும் உண்மை. சண்முகலிங்கத்தைப் போற்றும் கட்டுரைகள் முன்னதை மட்டுமே கூறுகின்றன. இரண்டையும் கூறுவதே மதிப்பீட்டிற்கு நேர்மை சேர்க்கும்.

இன்னொரு குறையையும் சுட்டலாம். அவரது சிறுவர் நாடகங்களின் அச்சுப் பிரதிகள் தாம் உருவான களப்பயிற்சியைத் தம்முள் கொண்டிருப்பதில்லை. எந்த விளையாட்டிலிருந்து எந்தக் காட்சி பிறந்தது என்பது பிரதியில் இல்லை. ஆகவே தொலைவிலுள்ள ஆசிரியர் ஒருவர் அந்நூலை எடுத்தால், வசனங்களைப் படியெடுத்துச் சிறுவருக்குப் பங்கிட்டுவிடுவது எளிது. அவ்வாறு செய்யும்போது எஞ்சுவது மீண்டும் பால சபையின் மனன நாடகமே.

லுக்குட் வட்டாரத்திலிருந்து நோக்குகையில்

லுக்குட் 19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கத்தால் பெயர் பெற்ற ஊர். பின்னர் அதனைச் சூழ்ந்த போர்ட்டிக்சன் மாவட்டம் பால்மரத் தோட்டங்களின் நிலமானது. ஜிமா, லின்சம், சிலியாவ் என்னும் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழருக்கு ஊர்ப்பெயர்களாகவும் தோட்டப் பெயர்களாகவும் பழகியவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின; குடும்பங்கள் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்தன. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. எஞ்சியவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட ‘குறைந்த மாணவர் பள்ளிகள்’ என்னும் வகையில் அடங்குபவை.

இப்பள்ளிகளில் நாடகம் இல்லாமல் இல்லை. ஆண்டு விழா, ஆசிரியர் தினம், பொங்கல், மாவட்டப் போட்டி என்று மேடைகள் உண்டு. ஆனால் அம்மேடையில் நிகழ்வது பெரும்பாலும் யாது? ஆசிரியர் ஒருவர் எழுதிய, அல்லது முந்திய ஆண்டிலிருந்து எடுத்த, ஒரு நீதி நாடகம். குடிகாரத் தந்தை, திருந்தும் மகன், இறுதியில் ஒரு குறள். நன்றாகப் பேசக்கூடிய ஐந்தாறு மாணவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்; மற்றவர் மரமாகவோ கூட்டமாகவோ நிற்கின்றனர், அல்லது கீழே அமர்ந்து பார்க்கின்றனர். மொழியோ ஏட்டுத் தமிழ். ‘பசியாறியாச்சா’ என்று ஒருவரையொருவர் கேட்டு வளர்ந்த சிறுவர் மேடையில் ‘உணவு உட்கொண்டாயா’ என்கின்றனர். தமிழ் தம் வாயில் இயல்பாக வராத ஒன்று என்னும் எண்ணத்தை அந்த மேடையே அவர்களுக்கு ஊட்டிவிடுகிறது. இது ஆசிரியரின் அன்புக் குறைவால் நேர்வதன்று; போட்டியின் விதிகளும் நேரமின்மையும் இவ்வழியில் அவரைத் தள்ளுகின்றன.

சண்முகலிங்கத்தின் அரங்கு இங்கே நமக்கு மூன்று பாடங்களைத் தருகிறது. முதலாவது, மொழி பற்றியது. அவரது பாத்திரங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைக் கேலிக்காக அன்றித் துயரத்தையும் சிந்தனையையும் சொல்லப் பயன்படுத்தின. அதே மேடையில் செய்யுள் நடையும் வந்தது. பேச்சு வழக்கிலிருந்து செய்யுளுக்கு ஏறும் அந்தப் படிக்கட்டு, நம் தோட்டச் சிறுவருக்கும் தேவை. மலாய்ச் சொல்லும் கலந்த தம் பேச்சில் தொடங்கி, காட்சி வேண்டும்போது செந்தமிழுக்கு ஏறுபவன் இரண்டையும் பெறுவான். ஏட்டுத் தமிழிலேயே தொடங்குபவன் மேடையிலிருந்து இறங்கியதும் அதனை அங்கேயே விட்டுவிடுவான்.

இரண்டாவது, எண்ணிக்கை பற்றியது. பன்னிரண்டு மாணவர் உள்ள வகுப்பை நாம் குறையாகவே கருதப் பழகியுள்ளோம். போட்டி நாடகத்திற்கு அது குறைதான். களப்பயிற்சிக்கோ அதுவே ஏற்ற அளவு. வட்டமாக நிற்கவும், ஒவ்வொருவரும் ஒரு முறை நடுவே வரவும், மூத்தவர் இளையவரைத் தாங்கவும் சிறு வகுப்பே இடம் தரும். எடுத்துரைஞர் குழுவை மையமாகக் கொண்ட அரங்கில் எவரும் பார்வையாளராக விடப்படுவதில்லை.

மூன்றாவது, கதை பற்றியது. அவர் தம் மக்களின் காதில் இருந்த சொல்லிலிருந்து தொடங்கினார். நாம் யாழ்ப்பாணத்து நாடகத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்தால் அவர் முறையையே மீறியவர்களாவோம். லுக்குட் சிறுவனுக்குத் தெரிந்த கதைகள் வேறு: பாட்டி சொன்ன பால்வெட்டுக் காலம், தோட்டத்து முனியாண்டி கோயில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மூடப்பட்ட லயம். இவற்றை அவன் வீட்டில் கேட்டு வந்து வகுப்பில் நடித்துக் காட்டினால், நாடகத்தோடு வட்டார வரலாறும் சேகரமாகும்.

நடிக்கும் உடலை மையமாகக் கொண்ட அரங்கிற்குக் கூச்சமுள்ள சிறுவன் வரத் தயங்குவான் என்பது நியாயமான ஐயம். அதற்குப் பாவை துணை செய்யும். தென் தமிழகத்தின் தோல்பாவைக்கூத்தும் கிளந்தானின் வாயாங் கூலிட்டும் இராமாயணக் கதையைத் திரையில் காட்டுபவை. இரண்டிலும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரே பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார். முகம் மறைந்தவுடன் குரல் துணிவு பெறுகிறது. அட்டையும் ஈர்க்குக் குச்சியும் ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் போதும். மலாய் மாணவரும் அறிந்த ஒரு கலையைத் தமிழ்ச் சிறுவர் தம் மொழியில் செய்து காட்டுவதால் அண்டை அயலோடு உரையாடவும் வாய்ப்புண்டு.

வாய்ப்பும் எச்சரிக்கையும்

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பள்ளி அளவிலான, வகுப்பறை மதிப்பீட்டிற்கு இடம் கூடியது. பல்லாண்டுகளாகத் தேர்வைக் காரணம் காட்டி நாடகத்தை ஒதுக்கிய நமக்கு அக்காரணம் இப்போது இல்லை. கேட்டல், பேச்சு ஆகிய திறன்களை மதிப்பிட நாடகத்தைக் காட்டிலும் இயல்பான களம் அரிது.

ஆயினும் இலங்கை அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. நாடகத்தைத் தனிப் பாடமாக்கவோ, புதிய போட்டியாக்கவோ விரைந்தால், விரைவில் அதற்கும் வழிகாட்டி நூல்களும் மாதிரி விடைகளும் வந்துவிடும். நாடகம் தமிழ் கற்பிக்கும் ஒரு முறையாக வகுப்பில் நுழைய வேண்டும். மதிப்பெண் பெறும் ஒரு பொருளாக நுழைதல் கூடாது என்பதே நம் துணிபு. அங்கே நாடகம் மெலிந்த மொழிச் சூழலில் இயங்கவில்லை. தேர்வு பறித்ததை வீடும் ஊரும் ஓரளவு திருப்பித் தந்தன. தமிழ் பேசும் இடம் பள்ளியளவாகச் சுருங்கிவரும் நம் வட்டாரங்களில், பள்ளியும் அதைப் பறித்தால் திருப்பித் தர வேறிடம் இல்லை.

முடிவுரை

குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 சனவரியில் தம் 93ஆம் வயதில் மறைந்தார். அவரை நாடகாசிரியராக நினைவுகூர்வது எளிது. அவருடைய நூல்கள் உள்ளன. ஆசிரியராக நினைவுகூர வேண்டுமாயின், அவர் முறையை இங்கே செய்து பார்த்தல் வேண்டும். அதற்கு மூன்று சிறு செயல்களை முன்வைக்கலாம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் தமிழ் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்களும், நாடக இலக்கியம் என்னும் தாளோடு களப்பயிற்சி ஒன்றையும் கட்டாயமாக்கலாம். சிறுவர் நாடகம் பதிப்பிப்போர், அது பிறந்த விளையாட்டுகளையும் பயிற்சிகளையும் வசனத்தோடு சேர்த்தே அச்சிடலாம். சிறு பள்ளி ஒன்றின் தமிழாசிரியர், வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு தவணைக் காலம், மேடையையும் பரிசையும் மறந்து மாணவர் அனைவரோடும் இதனைச் செய்து, நிகழ்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அத்தகைய குறிப்பேடுகள் பத்து கிடைத்தால் மலேசியத் தமிழ்ச் சிறுவர் அரங்கு பற்றிய அடுத்த ஆய்வுக்கு அவையே முதன்மைச் சான்றுகளாக அமையும்.